ஐந்து முறை வந்த பாட்டும் லா சப்பலில் நான் போட்ட சண்டையும்

2018 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை பார்சிலோனாவிலிருந்து பாரிஸுக்குப் போனேன். ஸ்பானிய மொழியிலிருந்து நான் தமிழாக்கிய நாவலுக்கு, அங்கே ஈழத்தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் மறுநாள் வெளியீட்டு விழா. சந்தோஷமாகப் போனேன், கொதித்துப் போய்த் திரும்பினேன். பயணத் தகவல் மட்டும் போதும் என்பவர்கள் நேரத்தையும் கட்டணத்தையும் இதிலிருந்து பொறுக்கிக்கொள்ளலாம். கோபத்தைத் தனியாகப் பிரித்து வைக்க எனக்கு வராது, மன்னிக்கவும்.

நான் திருநெல்வேலிக்காரி. பார்சிலோனாவில் ஒரு சரக்குக் கப்பல் நிறுவனத்தின் அலுவலகத்தில் ஒன்பது வருடமாக வேலை. சனி ஞாயிறுகளில் மொழிபெயர்ப்பு. இந்த நாவல் நான்கு வருடத்துச் சனி ஞாயிறுகளைத் தின்றது. அதன் பெயரை இங்கே போடப் போவதில்லை. வாங்கியவர்களுக்குத் தெரியும். வாங்காதவர்கள் கடைசிப் பத்திகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பார்சிலோனா சான்ட்ஸ் நிலையத்திலிருந்து காலை வண்டி. பாரிஸின் கார் து லியோன் நிலையத்துக்கு ஆறே முக்கால் மணி நேரம். இரண்டு மாதம் முன்பே எடுத்ததால் 69 யூரோ. வலப்பக்க ஜன்னல் கேட்டு வாங்குங்கள், பெர்பினியோன் தாண்டியதும் ஏரியும் கடலும் தண்டவாளத்தை ஒட்டியே வரும். கார் து லியோனில் இறங்கி ஆர்.இ.ஆர். டி புறநகர் ரயிலைப் பிடித்தால் இரண்டாவது நிறுத்தம் கார் து நோர். எட்டு நிமிடம், ஒரு யூரோ தொண்ணூறு சென்ட். விமானத்தில் வருகிறவர்கள் ஷார்ல் து கோல் நிலையத்தில் ஆர்.இ.ஆர். பி எடுத்தால் அரை மணி நேரம், பத்து யூரோ முப்பது. டாக்சிக்காரர்களிடம் மாட்டாதீர்கள்.

கார் து நோரிலிருந்து லா சப்பலுக்கு மெட்ரோ வேண்டாம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஃபோபூர் சான் தெனி தெருவில் வடக்கே ஏழு நிமிடம் நடந்தால் போதும். முருங்கைக்காய்க் கட்டு கண்ணில் பட்டால் வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். விடுதி அறை ஓர் இரவுக்கு 74 யூரோ. கட்டில் மட்டும்தான் அறை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: கடையில் நீங்கள் பேசுவது ஈழத்தமிழர்களுக்கு நன்றாகவே புரியும், சினிமா புண்ணியம். அவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ள முயற்சி எடுக்க வேண்டியது நாம்தான்.

ஐந்தரை மணிக்கு ஒரு சாப்பாட்டுக் கடையில் பதிப்பாளரைச் சந்தித்தேன். ஜெகன் அண்ணன், ஐம்பது வயது, பாரிஸ் புறநகரான எபினேயில் வீடு. பகலில் ஓர் இத்தாலிய உணவகத்தில் சமையல்காரர், மீதி நேரத்தில் பதிப்பாளர். நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. இரண்டு பிளேன்டீ, நான்கு வடை, 5 யூரோ. சென்னையில் அச்சாகி வந்த புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டு அவர் வடையை எடுத்தார். எழுபதாம் பக்கத்திலிருந்து புரட்டினேன். நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன்.

என்ன நடந்தது என்று புரிய நாவலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வட ஸ்பெயினில் ஒரு மலைக் கிராமம். உள்நாட்டுப் போர் முடிந்த சமயம். தோற்ற பக்கத்து ஆள் ஒருவன், பெர்மீன், வைக்கோல் பரணில் ஒளிந்திருக்கிறான். மழை பெய்யும் ஒரு சாயங்காலம் காவல் படை நேராகப் பரணுக்கே வந்து அவனைச் சுட்டுக் கொல்கிறது. யார் காட்டிக்கொடுத்தது? குளிர்காலத்தில் கம்பளி நூற்க ஒரு சமையலறையில் கூடும் ஊர்ப் பெண்கள் ஒரு கதைப்பாட்டுக் கட்டுகிறார்கள். நான் அதை இப்படித் தமிழாக்கியிருந்தேன்:

மலையேறிப் போனவனை
மழைமூடி மறைச்சிருக்க
விளக்கெடுத்துக் காட்டினாளே
ஆலைக்காரன் மக எலேனா

எலேனா மாவு அரைக்கும் ஆலைக்காரனின் மகள், பத்தொன்பது வயது. அந்தப் பாட்டுக்குப் பிறகு ஊரில் யாரும் அவளோடு பேசுவதில்லை. கதை முப்பது வருடம் ஓடுகிறது. அதற்குள் அந்தப் பாட்டு இன்னும் நான்கு முறை வரும். ஒவ்வொரு முறையும் சில வரிகள் மாறியிருக்கும். இரண்டாம் முறை விளக்கு எலேனாவின் கையில் இல்லை, அவள் வீட்டு வாசலில் இருக்கிறது. மூன்றாம் முறை, ‘விளக்கெடுத்துக் காட்டினது வெள்ளக்கையி மோதிரக்கையி’. எலேனாவுக்கு ஏது மோதிரம்? எழுபதாம் பக்கத்தில் ஒரே ஒரு இடத்தில் மோதிரம் வரும், ஊர்த்தலைவரின் விரலில், கோப்பையைப் பிடித்தபடி. நான்காம் முறை அவள் பெயரே பாட்டில் கிடையாது. ஐந்தாம் முறை செத்தவனின் மனைவியே அதைப் பாடுகிறாள்:

பசியோட கிடந்தவனைப்
பார்த்தவுக யாருமில்ல
ரொட்டியெடுத்துப் போனாளே
ஆலைக்காரன் மக எலேனா

அவள் குற்றமற்றவள் என்று உரைநடையில் ஒரு வாக்கியம்கூடக் கிடையாது. பனி பெய்தது, பாதாம்கொட்டை உடைத்தார்கள், எலேனா போனாள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, இவ்வளவுதான் இருக்கும். ஏன்? வாயால் சொன்னால் மோதிரக்காரன் வீட்டுக்கு வருவான். பாட்டை யார் கட்டினார்கள் என்று அவன் யாரைப் பிடிப்பான்? ஊருக்குத் தெரிந்தது பாட்டில் மட்டும்தான் கசியும். பழி போட்டதும் பாட்டு, பழியை இறக்கியதும் பாட்டு. எங்கள் பக்கத்தில் கதைப்பாட்டுக்காரர்கள் எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வரியைப் பாடுவார்கள். அதைக் கேட்டு வளர்ந்ததால்தான் இந்த நாவல் எனக்குப் பிடித்தது.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வாக்கியம் இருந்தது: ‘மறுபடியும் அதே பாட்டைப் பாடினார்கள்.’ அடுத்த இடத்திலும் அதே வாக்கியம். நான்கு இடத்திலும் அதுவேதான். அதே பாட்டாம்!

“என்னண்ணே இது? மத்த பாட்டெல்லாம் எங்க?”

“ஒரே பாட்டு அஞ்சு தரம் வந்திருந்தது தங்கச்சி. நீங்கள் கொப்பி பண்ணேக்கை பிழைச்சுப்போச்செண்டு நினைச்சிட்டன். பக்கமும் அச்சிலை பதினாறு பதினாறாத்தான் நிக்க வேணுமெல்லோ, ரெண்டு பக்கம் கூடிப்போச்சு. அதாலை எடுத்துவிட்டனான்.”

நான் கடைசியாகப் பார்த்துச் சரி சொன்ன பிரதியில் ஐந்தும் இருந்தன. அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல் போட்டிருக்கிறார். ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு குறுஞ்செய்தி, எதுவும் இல்லை. கடையில் பத்துப் பேர் இருந்தார்கள், என் குரல் உயர்ந்துவிட்டது. எல்லோரும் தட்டைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு பொம்பளை மேல பழி அப்படியே நிக்குதுண்ணே. தமிழ்ல படிக்கிற அத்தனை பேரும் அவதான் காட்டிக்கொடுத்தான்னு மூடி வைப்பாங்க.”

“அவ கதையிலை வாற ஆள்தானே தங்கச்சி.”

இந்தப் பதிலைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. கதையில் வருகிற ஆள் என்றால் பழி சுமக்கலாமா? என் மீதும் கோபம் வந்தது. முன்னுரை எழுதுங்கள் என்று அவர் இரண்டு முறை கேட்டார். வாசகருக்குப் பாடம் நடத்தக் கூடாது என்று பெரிய மேதாவி மாதிரி மறுத்தவள் நான்தான். நான்கு வரி முன்னுரை இருந்திருந்தால் அவர் கை நின்றிருக்கும். கடைசியில், விடுபட்ட பாட்டுகளைத் தாளில் அச்சடித்து ஒவ்வொரு பிரதியிலும் வைக்காமல் மேடை ஏற மாட்டேன் என்றேன். “நாளைக்குச் சனத்துக்கு முன்னாலை அவமானமெல்லோ” என்றார். ஆகட்டும் என்று எழுந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கல்யாண அழைப்பிதழ் அடிக்கும் கடை ஒன்றுக்குப் போனேன். லா சப்பலில் இப்படி நாலைந்து கடைகள் உண்டு. என் கைபேசியில் இருந்த ஐந்து பாட்டுகளையும் கடைக்காரருக்கு அனுப்பினேன். ஒரு தாள், இரண்டு பக்கம், 120 பிரதி, 36 யூரோ. ஒரு மணிக்குத் தருவதாகச் சொன்னார். ஒரு மணிக்குப் போனால் இயந்திரத்தில் யாருடைய திருமண அட்டையோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் திரையில் என் பாட்டுகளை வாசித்துவிட்டுக் கேட்டார்:

“அக்கா, செத்தவவின்ரை படம் ஒண்டு தாங்கோ. படம் இல்லாமல் கல்வெட்டு அடிச்சால் வடிவா இராது.”

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: யாழ்ப்பாணத்துக்காரர்கள் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள், அவரைப் பற்றிய பாட்டுகளை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. ஒரு பெண்ணின் பெயர், அவள் பசித்தவனுக்குச் சோறு கொண்டுபோன கதை, புலம்பல் மெட்டு, இதையெல்லாம் பார்த்தவர் வேறென்ன நினைப்பார்? இது நாவலில் வருகிற பெண், அவளுக்குப் படம் கிடையாது என்று விளக்கினேன். “ஓமோம்” என்றார். மூன்றே முக்காலுக்குத் தாள்கள் கைக்கு வந்தபோது ஓரமெல்லாம் பூக்கொடி. உச்சியில் எரிகிற குத்துவிளக்கு. காட்டிக்கொடுத்த விளக்கைப் பற்றிய பாட்டுக்குத் தலையில் ஒரு விளக்கு! திருப்பி அடிக்க நேரமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மண்டபத்துக்கு ஓடினேன்.

அழைப்பிதழில் மூன்று மணி என்று போட்டிருந்தது, தொடங்கியது நாலு பத்துக்கு. இங்கே கூட்டங்களுக்குப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் தாராளமாகப் பிந்தலாம். அறுபது பேர் இருந்தார்கள். விளக்கேற்றல், மௌன வணக்கம், தலைமையுரை, ஆய்வுரை, முதற்பிரதி வழங்கல், கடைசியில்தான் என் ஏற்புரை. என்னை முன்னால் பேச விடுங்கள் என்று தலைவரிடம் கெஞ்சினேன். “நிகழ்ச்சி நிரல் மாத்த ஏலாது பிள்ளை” என்றுவிட்டார். உலகமே இடிந்தாலும் நிகழ்ச்சி நிரல் மாறாது.

ஆய்வுரை சொன்னவர் சறோஜினி என்பவர். சறோ அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். ஐம்பது தாண்டியவர், பொண்டி என்ற புறநகரில் குடியிருப்பு, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. கையால் எழுதிய பத்துப் பக்கம் வைத்திருந்தார். முன்கூட்டியே கிடைத்த பிரதியை அவர் படித்திருந்த கவனத்துக்கு எந்த மொழிபெயர்ப்பாளரும் காலில் விழலாம். அந்தக் கவனம்தான் என்னைக் கொன்றது. இருபத்தைந்து நிமிடம் எலேனாவைக் கிழித்தார்.

“பசிச்சவனுக்குச் சோறு போடாதவளை மன்னிக்கலாம். ஒளிச்சிருந்தவனை விளக்குப் பிடிச்சுக் காட்டினவளை மன்னிக்க ஏலாது. இந்தக் கதாசிரியர் அவளுக்காக ஒரு சொல்லும் எழுதேல்லை. அது சரி எண்டுதான் நான் சொல்லுவன்.”

மண்டபம் கைதட்டியது. காட்டிக்கொடுப்பு என்பது நான் செய்தித்தாளில் படித்து வளர்ந்த சொல். அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது அவரவர் ஒழுங்கையில், அதாவது வீட்டுச் சந்தில், நடந்த ஒன்று. அப்படிப்பட்ட ஒரு கூட்டத்தின் நடுவே, ரொட்டி கொண்டுபோன ஒருத்தியை விளக்குப் பிடித்தவளாகக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறோம், என் பெயர் போட்ட புத்தகத்தில்.

என் முறை வந்ததும் நன்றி சொல்ல வைத்திருந்த தாளை மடித்துவிட்டேன். பூக்கொடித் தாள்களை வரிசை வரிசையாகக் கொடுக்கச் சொன்னேன். “இந்தப் புத்தகத்துல நாலு பாட்டைக் காணோம். அது இல்லாம இது கதையே இல்ல” என்று சொல்லிவிட்டு ஐந்தையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினேன். எனக்குக் குரல் கிடையாது, அலுவலகத்தில் பிறந்தநாள் பாட்டுக்குக்கூட வாயைத் திறக்க மாட்டேன். மூன்றாவது பாட்டில் மோதிரம் வந்ததும் “எழுபதாம் பக்கம் பாருங்க” என்றேன். வாசலில் புத்தகம் வாங்கியிருந்த பலர் தேடிப் புரட்டும் சத்தம் கேட்டது. ஐந்தாவது முடிந்ததும் கைதட்டல் இல்லை.

“அப்ப புத்தகம் பிழையோ?” என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“ஆமா. பிழை.”

ஜெகன் அண்ணன் எழுந்து ஒலிவாங்கிக்கு வந்தார். “பிழை என்ரை. நான்தான் வெட்டினனான்” என்றார். மரியாதையான காரியம்தான். முந்தின நாள் வடைக்கடையில் சொல்லியிருந்தால் இன்னும் மரியாதையாக இருந்திருக்கும்.

ஆறே முக்காலுக்குக் கூட்டம் முடிந்தது. வெளியே வந்தால் சறோ அக்கா வாசலில் நின்றார். கையில் அந்தத் தாள். பொண்டிக்குப் போக அவர் மஜாந்தா நிலையத்தில் ஆர்.இ.ஆர். இ பிடிக்க வேண்டும். பத்து நிமிட நடை, கூட வாருங்கள் என்றார். என்னைத் திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். அறுபது பேருக்கு முன்னால் அவரையும் அல்லவா முட்டாளாக்கியிருந்தேன்! பாதித் தெரு தாண்டியதும் தாளை மடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“எங்கடை ஊரிலையும் ஒருத்தி இருந்தவ. எனக்கு அப்ப பதினாறு வயது. ஆக்கள் ஒளிச்சிருந்த வீட்டை அவதான் காட்டினவ எண்டு கதை. ஒருநாள் விடியேக்கை ஒழுங்கை முகப்பிலை கிடந்தா. மட்டையிலை பேர் எழுதிக் கழுத்திலை கட்டியிருந்தது.”

“யாரு செஞ்சது?”

“ஆரெண்டு கேட்டு என்ன? அந்தக் கதையை நானும் நாலு பேரிட்டைச் சொன்னனான். தண்ணிக்குப் போகேக்கை, பள்ளிக்கூடத்திலை. பிறகு தெரிய வந்தது, காட்டினது அவ இல்லை எண்டு. எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் வாய் திறக்கேல்லை. நானும் திறக்கேல்லை. முப்பது வருசத்துக்கு மேலை.” தாளை விரித்து அந்தப் பூக்கொடியைக் காட்டினார். “அவவுக்கு ஒரு கல்வெட்டும் அடிக்கேல்லை பிள்ளை. அடிக்கப் பயம்.”

மஜாந்தா படிக்கட்டில் மக்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் பெயரை எழுதலாமா அக்கா என்று கேட்டேன். யோசிக்க வேண்டும் என்றார். அவரது வண்டி போன பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். யார் மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத நிலை.

இனிப் போகிறவர்களுக்கு. லா சப்பலுக்குச் சனி மதியம் போகாதீர்கள், நடக்க இடமிருக்காது. வெள்ளி மாலை நல்லது. கொத்துரொட்டி எட்டு யூரோ, ஒன்றை இரண்டு பேர் சாப்பிடலாம். மூன்று நாள் தங்கினால் மெட்ரோ சீட்டைப் பத்தாக வாங்குங்கள், மலிவு. புத்தகக் கடைகளில் எங்கள் நாவலைப் பார்த்தால் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். பூக்கொடி போட்ட தாள் உள்ளே இருந்தால் மட்டும் வாங்குங்கள். இல்லையென்றால் கடைக்காரரிடம் கேளுங்கள், சத்தமாகவே கேளுங்கள். இரண்டாம் பதிப்பில் சேர்ப்பதாகச் சொன்னார்கள். இதை எழுதும் வரை இரண்டாம் பதிப்பு வரவில்லை. மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னுரை கேட்டால் எழுதிக் கொடுங்கள், பெரிய மனிதத்தனம் பண்ணாதீர்கள். பதிப்பிப்பவர்களுக்கும் ஒன்று உண்டு. ஒரு பாட்டு ஐந்து முறை வந்தால் ஐந்து முறையும் படியுங்கள்.

இந்தப் பதிவை நான்கு மாதம் எழுதாமல் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை பொண்டியிலிருந்து தொலைபேசி வந்தது. நலம் விசாரிக்கவில்லை, வணக்கம்கூடச் சொல்லவில்லை. “எழுதுங்கோ” என்றார் சறோ அக்கா. “என்ரை பேரையும் போடுங்கோ. சொன்னவளுக்கும் பேர் இருக்க வேணும்.” பிறகு அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார், எழுத்து எழுத்தாக, நான் தப்பாக எழுதிவிடக் கூடாது என்று இரண்டு முறை.

அவர் பெயர் இராசமலர். தையல்காரர், இருபத்து நான்கு வயது. அவர் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை.